"வேற ஒண்ணும் இல்லபா" என்றவரின் பழைய டிஸ்க்

நம் சர்வீஸ் குரூப்பில் போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள்: "அண்ணா, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடும்போது கஸ்டமருடைய சொந்த ஃபைல்களை எடுத்து வைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?" கீழே முப்பது பேர் முப்பது பெயர் சொல்லிவிட்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவருக்கு இதெல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று ஒருவர் எழுதி, சிரிக்கிற பொம்மை ஒன்றையும் ஒட்டியிருந்தீர்கள். ஒட்டியது யார் என்று எனக்குத் தெரியும். கோபமில்லை. அந்த வயதில் நானும் ஒட்டியிருப்பேன்.

எந்த சாஃப்ட்வேரும் நல்லதுதான். காட்டுகிற ஃபோல்டரை அது ஒழுங்காக எடுத்துக் கொடுத்துவிடும். எந்த ஃபோல்டர் என்று கஸ்டமரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நம் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்பதில் நான் ஒருமுறை சறுக்கினேன். இருபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் கம்ப்யூட்டர் பார்த்தேன். எத்தனையோ மெஷின்களைச் சாகடித்திருக்கிறேன், எதுவும் இப்போது நினைவில் இல்லை. இது ஒன்று மட்டும் இருக்கிறது.

முதலில் நம் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்தில் பாதிக் குடும்பங்களின் டெஸ்க்டாப் படம் எனக்குத் தெரியும். எந்த வீட்டுக் கல்யாண ஆல்பம் எந்த டிரைவில் இருக்கிறது, யார் பெண்ணின் ஜாதகம் எத்தனை காப்பி போட்டிருக்கிறது, எல்லாம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தெருவில் பார்த்தால், "என்ன சார், சிஸ்டம் ஸ்லோவா இருக்குது" என்பார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்கள் குறைவு. கடையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது, போன் அடிப்பதே இல்லை. சிஸ்டம் நன்றாக ஓடினால் நம்மை யாரும் நினைக்கமாட்டார்கள். இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் மனசு வலிக்காது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த கடைக்காரர் அதிகம் பேசமாட்டார். ஆனால் இரண்டு விஷயத்தில் கறாராக இருப்பார். 'வேற ஒண்ணும் இல்ல' என்று கஸ்டமர் சொன்னால், எல்லோரும் போனபின் இன்னொரு தரம் கேள் என்பார். கழற்றிய டிஸ்க் ஒரு மாசம் நம் பெட்டியில் தூங்கட்டும், அதற்குமுன் யார் சொன்னாலும் தொடாதே என்பார். இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள், இரண்டையும் மீறினேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு டிசைன்காரர். பட்டுப் புடவையின் கரைக்கும் முந்திக்கும் வேண்டிய மயில், யாளி, கொடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பவர். அதைத்தான் தறியின் மேலே இருக்கிற மெஷின் படித்துப் பாவு நூலைத் தூக்கும். அறுபதைத் தாண்டியவர். அவரும் மகனும் அவருடைய சிஸ்டத்தை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஆன் செய்தால் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவாக ஓடியது. டிஸ்க் உள்ளே கடகடத்தது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றேன்.

நம் ஊர் டிசைன்காரர்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். இந்தத் தெருவில் வரைந்த முந்தி, இரண்டாவது வாரம் அடுத்த தெருத் தறியில் ஓடும். அதனால் யாரும் டிசைனை 'டிசைன்' என்ற பெயரில் வைப்பதில்லை. ஒருவர் 'கரண்ட் பில்' என்ற பெயரில் ஒளித்து வைப்பார். இன்னொருவர் சிஸ்டம் ஃபோல்டர்களுக்கு நடுவே வாயில் நுழையாத பெயர் ஒன்றைக் கொடுத்துப் புதைத்து வைப்பார். இதெல்லாம் தெரிந்தவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. அதனால் கேட்டேன்:

"அண்ணே, ஒளிச்சு வெச்சதெல்லாம் சொல்லிடுங்க. டாக்டருகிட்டயும் எங்கிட்டயும் மறைக்கக் கூடாது."

மகன்தான் பதில் சொன்னான். அவனுக்கு எல்லா இடமும் அத்துப்படி. இங்கே நாலு ஃபோல்டர், அங்கே ரெண்டு என்று விரல் விட்டுச் சொன்னான். எல்லாவற்றையும் எடுத்தேன். டாக்குமெண்ட், போட்டோ, டெஸ்க்டாப்பில் இறைந்து கிடந்தவை, ஒன்றையும் விடவில்லை. புதியதில் போட்டு, திறந்தும் காட்டினேன். பிறகு பெரியவரைப் பார்த்துக் கேட்டேன்.

"வேற எதுனா இருக்குதா அண்ணே?"

அவர் மகனைப் பார்த்தார். பிறகு என் மேசையைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்லபா," என்றார்.

கடையில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். நான் அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது பழைய டிஸ்க். இதுவும் நம் ஊர் வழக்கம்தான். வெளியூரில் பழைய டிஸ்கை வேண்டாம் என்று விட்டுப் போவார்கள். இங்கே டிசைன் வெளியே போய்விடும் என்ற பயத்தில், கண்ணெதிரே ஓட்டை போடச் சொல்வார்கள். அதற்கென்றே கடையில் ஒரு டிரில் மிஷின் வைத்திருந்தேன். மகன், "போட்டுடுங்க சார்," என்றான்.

பெரியவர் அப்போதுதான் வாய் திறந்தார். "இன்னிக்கேவா? ரெண்டு நாளு கெடக்கட்டுமே. புதுசு எப்படி ஓடுதுன்னு பாத்துக்கினு அப்பறம் போட்டுக்கலாம்."

"நைனா, சும்மா இரு," என்றான் மகன். "போன தீபாவளிக்கு நம்ம அன்னப்பட்சி முந்தி எதிர்த் தெருவுல ஓடுச்சே, மறந்துட்டியா? எங்கேர்ந்து போச்சு அது?"

ஒரு மாசம் பெட்டியில் தூங்கட்டும் என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லியிருந்தால் மகன் முறைத்திருப்பான், அவ்வளவுதான். நானோ கஸ்டமர் சொன்னதே வேதம் என்று மிஷினைக் கையில் எடுத்தேன். எடுத்ததோடு நிற்காமல் கிண்டல் வேறு: "பழச விட மனசு வரல போல அண்ணனுக்கு!" காத்திருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூன்று ஓட்டை போட்டேன். இரும்புத் தூள் மேசையில் விழுந்தது. அவர் கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு மகனோடு ஆட்டோவில் ஏறிப் போனார்.

ஐந்தாறு நாள் கழித்து மத்தியானத்தில் தனியாக வந்தார். உடனே உள்ளே வரவில்லை. எதிர்ச்சாரியில் நின்று, கடையில் இருந்தவர்கள் எல்லாம் போகட்டும் என்று காத்திருந்தார். கடை காலியானதும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பிரிண்டர் ஃபோல்டரு ஒண்ணு இருந்துதுபா. அது வர்ல."

"அது பழைய பிரிண்டரோடது அண்ணே. புதுசுக்குத் தேவையில்ல. பிரிண்ட் வருதுல்ல?"

"பிரிண்ட் வருது. அதுக்குள்ள இருந்தது பிரிண்டர் இல்லபா."

டிசைன் என்று நினைத்து, என்ன டிசைன் என்று கேட்டேன். அவர் கையைப் பிசைந்தார். அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகப் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

அவருக்கு ஒரு மகளும் உண்டு. அதற்கு ஆறு வருஷத்துக்கு முன் பெங்களூரில் கூட வேலை செய்த வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இவர் தெருவில் நின்று, "எனக்கு ஒரே புள்ளதான்," என்று சத்தமாகச் சொன்னவர். நானே கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. ஆனால் அவள் நம்பர் இவர் போனில் டிசைன் ஆர்டர் கொடுப்பவர் மாதிரி வேறொரு பெயரில் இருந்தது. வாட்ஸாப்பில் அவள் டிபி படத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் இவர் அதை ஸ்கிரீன்ஷாட் பிடித்து, கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனிலிருந்து அழித்துவிடுவார். மாலையும் கழுத்துமாக அவள், பிறகு வயிற்றோடு அவள், பிறகு துணியில் சுற்றிய குழந்தை, பல் முளைத்த குழந்தை, அந்த வருஷ ஜூனில் பள்ளிக்கூடப் பையோடு பேத்தி. டிசைனுக்குப் போடுவது போல வரிசை எண் போட்டு வைத்திருந்தார். நாற்பத்து மூன்று படங்கள்.

"புள்ளைக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அங்க வெச்சேன்," என்றார். "டிசைன ஒளிச்சி ஒளிச்சி அதே பழக்கம்."

மேசைக்கு அடியில் கழிவுப் பெட்டியில் அந்த டிஸ்க் கிடந்தது. எடுத்து வைத்தேன். ஓட்டை வழியாக மேசை தெரிந்தது. சென்னையில், தொலைந்த டேட்டாவை மீட்டுத் தருகிற எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டேன். ஓட்டை போட்டதா என்று கேட்டு, "சார், ஆளைக் கொன்னுட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு வரீங்களே," என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவர் அன்று நின்று பார்த்த பார்வையும், நான் அடித்த கிண்டலும் ஞாபகம் வந்து, எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. மன்னிப்பு கேட்டேன். "நீ என்னாபா பண்ணுவ, நான் சொல்லலயே," என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அந்த நேரத்தில் எனக்குத் தொழில் புத்திதான் வேலை செய்தது. தொலைந்த ஃபைலுக்கு இன்னொரு காப்பி எங்கே இருக்கும் என்றுதானே நாம் முதலில் யோசிப்போம்? படத்தை எடுத்தவரிடம் இருக்கும். அவர் போனை வாங்கி அவள் நம்பரைப் பார்த்தேன். டிபியில் பேத்தி, கையில் பலூன். அதே நம்பரை என் போனில் ஏற்றிப் பார்த்தேன். என் போனில் படமே வரவில்லை. வெறும் சாம்பல் நிற பொம்மைதான் வந்தது.

"அண்ணே, இங்க பாருங்க. எனக்குத் தெரியல. உங்களுக்கு மட்டும் தெரியுது."

"எல்லாருக்கும் தெரியறதுதானே அது?"

"இல்ல. அவங்க போன்ல யார் நம்பர் இருக்குதோ அவங்களுக்கு மட்டும் தெரியறாப்ல வெச்சிருக்காங்க. உங்க நம்பர் அவங்க போன்ல இருக்குது. இத்தன வருஷமும் அழிக்கல."

அவர் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. மறுபடியும் ஏற்றிக் காட்டச் சொன்னார், காட்டினேன். "நீங்களே போன் போட்டுக் கேளுங்கண்ணே," என்றேன். "எந்த வாயால கேப்பேன்?" என்றார். சரி, தப்பு செய்தவன் நான், நான் கேட்கிறேன் என்று என் போனிலிருந்து போட்டேன். அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் திறந்து வைத்தேன்.

"ஹலோ, யாரு?"

"அம்மா, காஞ்சிபுரத்துலேர்ந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் பேசறேன். உங்க அப்பாவோட சிஸ்டம் விஷயமா..."

"நைனாவுக்கு என்ன?" என்றாள். குரல் பதறியது.

"ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்காரு. சிஸ்டத்துல டிஸ்க் மாத்தினேன். அதுல உங்க டிபி படமெல்லாம் சேத்து வெச்சிருந்தாரு. நாப்பத்தி மூணு. என் தப்பால அழிஞ்சி போச்சும்மா. உங்ககிட்ட இருந்தா அனுப்ப முடியுமான்னு கேக்கத்தான்..."

"என் டிபியா?" என்றாள். "நைனாவா சேத்து வெச்சிருந்தாரு?"

"ஆமாம்மா."

அவர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். இருமல் வந்தது, அடக்கினார்.

"சார், அவரு இப்ப பக்கத்துல இருக்காரா?"

அவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். வேண்டாம், சொல்லாதே. எனக்கு யோசிக்க அரை நிமிஷம்கூட இல்லை. இருக்காரும்மா என்று சொல்லிப் போனை அவர் கையில் திணித்திருக்கலாம். கஸ்டமர் வேண்டாம் என்கிறார்.

"இல்லம்மா," என்றேன்.

"சரி சார். வேணும்னா அவரே கேக்கட்டும்." வைத்துவிட்டாள்.

அவர் துண்டை எடுத்தார். "கொரலு மாறவே இல்லபா," என்றார். குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

தம்பிகளா, டிஸ்கில் ஓட்டை போட்டது தொழில் தவறு. அதற்கு ஒரு விதி இருக்கிறது, அடுத்த முறை கவனமாக இருக்கலாம். இந்த 'இல்லம்மா'வுக்கு என்ன விதி? ஓட்டை போடு என்றார்கள், போட்டேன். இல்லையென்று சொல் என்றார், சொன்னேன். ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை, சொன்னதைச் செய்கிற மிஷினாக இருந்துவிட்டேன். மிஷினுக்குத்தான் எதிரே நிற்கிற மனுஷன் முகம் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷமே கடையைக் கொடுத்துவிட்டு ஓரிக்கைக்குக் குடிவந்தேன். வீட்டில் நான் ஒருவன்தான். பகலில் டிவி, மாலையில் பாலாற்றுப் பக்கம் ஒரு நடை. நாலு பேர் வந்துபோகிற கடையில் மறைந்து கிடந்த சங்கதி, ஆளில்லாத வீட்டில் மேலே வந்துவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். யாரென்று சொல்லிவிட்டு, "அம்மா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். உங்க அப்பா பக்கத்துலதான் இருந்தாரு," என்றேன்.

"தெரியும் சார்," என்றாள்.

"எப்படிம்மா?"

"இருமினாரே. அத அடக்கினாரு, ஆனா கேட்டுச்சு. இருவத்தி மூணு வருஷம் அந்த இருமல கேட்டுக்கினுதான சார் அந்த வீட்ல தூங்கினேன். எனக்குத் தெரியாதா?" பிறகு சொன்னாள், "அன்னிக்கே எல்லாப் படத்தையும் எடுத்து ஒண்ணா வெச்சிட்டேன். டிபி போடாததும் நெறைய இருக்குது. அவரு ஒரு வார்த்த கேட்டா அனுப்பிடுவேன். கேக்கச் சொல்லுங்க."

அடுத்த நாளே பிள்ளையார்பாளையம் போனேன். சும்மா இந்தப் பக்கம் வந்தேன், சிஸ்டம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தேன் என்றேன். மகன் நாற்காலி போட்டான், மருமகள் காபி கொடுத்தாள். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். "நல்லா ஓடுதுபா," என்றார். "சந்தோஷம்," என்றேன். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். 'வேற ஒண்ணும் இல்லபா' என்று அவர் அன்று ஏன் சொன்னார் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. சுற்றி ஆள் நிற்கும்போது எனக்கும் அதேதான் வாயில் வந்தது.

அப்புறம் பல வாரங்கள் அவரைத் தனியாகப் பார்க்க வாய்க்கவில்லை. போனில் கூப்பிட்டால் மகன் எடுப்பான். இந்தப் பங்குனியில் ஒரு சாயங்காலம், ஓரிக்கை பஸ் நிறுத்தத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். இங்கே ஒரு தறிக்காரருக்கு டிசைன் கொடுத்துவிட்டுத் திரும்புகிறாராம். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். நான் மறுபடி பேசியது, அவள் சொன்னது, படங்களை எடுத்து வைத்திருப்பது, ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றது, எல்லாம்.

அவர் படங்களைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"இருமல வெச்சா கண்டுபுடிச்சா?" என்றார்.

"ஆமாண்ணே."

"அத்தினி சின்ன இருமல வெச்சா?"

"ஆமாண்ணே. இருவத்தி மூணு வருஷம் கேட்டுக்கினு தூங்கின இருமல்னு சொன்னாங்க."

காஞ்சிபுரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். அவர் எழுந்திருக்கவில்லை. பஸ் போனது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையைத் தொட்டார், அது அணைந்தது, மறுபடி தொட்டார். ஓரக்கண்ணால் என்னை ஒரு தரம் பார்த்தார்.

எனக்கு அங்கேயே இருக்க வேண்டும் போலிருந்தது. என்ன பேசுகிறார் என்று கேட்க வேண்டும், அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டும். வீட்டுக்குப் போனால் எனக்குப் பேச ஆளில்லை. ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால் அவருக்கு வாய் வராது. அதை நான்தான் மூன்று ஓட்டை போட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

"வரேன்ணே," என்று எழுந்தேன். அவர் நிமிராமல் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பிப் பார்க்காமல் வீடு வரை நடந்தேன்.